முடி துறந்த முனிவர்

மத்திய காலத்துப் போப்பரசர்களைப் பற்றிப் பயில்வோர் பெரும்பாலும் ஏழாம் கிரகோரியையும் மூன்றாம் இன்னசென்டையுமே நினைவிற் கொள்வர். அரசர்களை நடுங்கச் செய்த அவ்வரிசையில், ஐந்து திங்களளவே ஆண்டு, தாமாகவே அரியணையினின்றும் இறங்கிய ஐந்தாம் செலஸ்தீன் என்பாரும் ஒருவர். அவர் செயல் கோழைமையோ, துணிவோ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

கி. பி. 1292ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நான்காம் நிக்கலாஸ் காலஞ்சென்றார். அடுத்தவரைத் தெரிந்தெடுக்கவேண்டிய கர்தினால்மார் சிலரே. எனினும் அவர்கள் ஒருமைப்பட்டாரல்லர். ஓர்சினி, கொலொன்னா என்னும் ரோமாபுரிக் குடிகள் இரண்டின் பகை அவர்தம் அவையினுள்ளும் புகுந்திருந்தது. இத்தகைய தாமதத்தை ஒழிக்கவே, 1274இல் லியோன் நகரிற் கூடிய சங்கத்தில் பத்தாம் கிரகோரி ஒரு சட்டம் வகுத்திருந்தார். கர்தினால்மாரை ஓரிடத்தே அடைத்துவைத்து, நாள் செல்லச் செல்ல உணவையும் குறைத்தல் வேண்டும் என்பது அது. பசியை விரும்புவார் யாவர்? இரண்டாண்டிற்குள் அச்சட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகவே இம்முறை இருபத்தேழு திங்கள் திருப்பீடம் வெறிதே கிடந்தது.

அந்நாளில் இத்தாலியின் மலைநாட்டில், மொரோனே மலைக்குகையில், பியெத்ரோ என்னும் துறவி தவம் புரிந்திருந்தார். உழவர் குடியிற் பிறந்தவர். ஏறத்தாழ எண்பது வயதினர். இனியும் காலந் தாழ்ப்பின் தேவ கோபம் வந்தெய்தும் என அவர் எச்சரித்து எழுதினார் என்பர். 1294 ஜூலை 5ஆம் நாள் பெருஜியாவிற் குழுமியிருந்த கர்தினால்மார், எச்சரித்தவரையே தெரிந்தெடுத்துவிட்டனர்!

ஆகஸ்டு 29ஆம் நாள் லாக்விலா நகருக்குக் கழுதைமேலேறி வந்து, கொலெமாஜியோ ஆலயத்தில் அவர் முடிசூடினார். கழுதையின் கடிவாளத்தைப் பற்றி நடந்தவர் நேப்பிள்ஸ் அரசர் இரண்டாம் சார்லஸ். பற்றிய கையை அவர் பின்னர் விட்டாரல்லர். போப்பரசர் ரோமாபுரியைக் காணாமலே நேப்பிள்ஸ் நகரில் தங்கினார். அவர் புதிதாக நியமித்த கர்தினால்மார் பன்னிருவரிற் பெரும்பாலோர் அரசருக்கு உகந்த பிரெஞ்சுக்காரர். கேட்டார்க்கு இல்லையென்னும் வழக்கம் அவரிடத்தில் இல்லை. ஆதலின் ஒரே பதவி பலருக்கு வழங்கப்பட்டதும் உண்டு. குகையில் அருங்குணமாயிருந்த ஈகை அரியணையிற் குற்றமாயிற்று. நல்ல மனம் ஒன்றே ஆட்சிக்குப் போதும் என்பார், இவ்வைந்து திங்களைச் சற்றே ஊன்றிப் பார்ப்பாராக. அவரோ அரண்மனையினுள்ளே மரத்தால் ஒரு சிற்றறை அமைப்பித்து, அதனுள் ஒதுங்கிச் செபிப்பாராயினர்.

எனினும் அவர் ஆட்சி முற்றும் வீண் எனல் பொருந்தாது. நிறுத்திவைத்த தேர்தற் சட்டத்தை அவரே மீண்டும் உயிர்ப்பித்தார். போப்பரசர் தம் பதவியைத் துறத்தல் தகும் என்றும் விதித்து, டிசம்பர் 13ஆம் நாள் தாமே அவ்வாறு துறந்தார். ஆசையற்றவர் பதவியை விடுதல் எளிது எனலாம். ஆயின், தம்மைத் தெரிந்தெடுத்தோர் முன்னிலையிலேயே தமது தகுதியின்மையை எடுத்துரைத்து இறங்குதல் எளிதன்று.

அவருக்குச் சட்டநெறி காட்டிய பெனதெத்தோ கயெத்தானி என்பவரே டிசம்பர் 24ஆம் நாள் எட்டாம் பொனிபாஸ் ஆனார். இதனாற் பிறந்த வதந்திகள் பல. கயெத்தானி சுவரிற் குழாய் செருகித் தேவதூதன்போற் பேசி முதியவரை ஏய்த்தார் என்பது அவற்றுள் ஒன்று. அது வெறுங் கட்டுக்கதை. ஆயினும், துறவு செல்லாதென வாதிப்போர் முதியவரை முன்னிறுத்துவர் என்னும் அச்சம் பொனிபாசுக்கு இருந்தது. அவ்வச்சம் ஆதாரமற்றதன்று, 1297இல் கொலொன்னாக் கர்தினால்மார் அவ்வாறே வாதித்தனர். மலைக்கு மீள விரும்பித் தப்பியோடிய முதியவர், கடல் கடக்க முயல்கையிற் பிடிபட்டு, புமோனே கோட்டையிற் சிறைப்பட்டு, 1296 மே 19இல் உயிர் நீத்தார். 1313இல் ஐந்தாம் கிளெமென்ட் அவரைப் புனிதராக அறிவித்தார்.

கவிஞர் தாந்தே தம் நரக காண்டத்தில், கோழைமையாற் பெருந்துறப்புச் செய்த ஒருவரைப் பெயர் கூறாது காட்டுகின்றார். அவர் செலஸ்தீனே என்பது பலர் கருத்து. பெத்ரார்க்கோ அத்துறவைப் புகழ்கின்றார். தாந்தேயின் கடுமைக்குக் காரணம் உண்டு: பொனிபாஸ் புளோரன்ஸ் நகர அரசியலில் தலையிட்டமையால் அவர் 1302இல் நாடு கடத்தப்பட்டார். செலஸ்தீன் இறங்கியிராவிடின் பொனிபாஸ் ஏறியிரார். தம் துயரின் மூலத்தைத் தேடிய கவி முதியவர்மேற் பழி சுமத்தினார் என்றே யான் கருதுகின்றேன். ஆயினும், பின்வருவோன் தீங்கிழைப்பான் என்பதற்காகத் தகுதியற்றான் ஒருவன் பதவியிலேயே இருத்தல் வேண்டுமோ?

துறவை ஒப்பிய அவ்விதியைப் பொனிபாசே 1298இல் திருச்சபைச் சட்டத் தொகுப்பிற் சேர்த்தார். 2009 ஏப்ரலில் லாக்விலா நிலநடுக்கத்தாற் சிதைந்தபொழுது, அங்குச் சென்ற பதினாறாம் பெனடிக்ட், தம் தோளணியைச் செலஸ்தீனின் எச்சங்கள்மீது வைத்து வந்தார். 2013 பிப்ரவரியில் அவரும் பதவி துறந்தார். அவரை எவரும் கோட்டையில் அடைத்திலர். வத்திக்கான் தோட்டத்து மடமொன்றில் வாழ்ந்து, 2022 டிசம்பர் 31ஆம் நாள் காலஞ்சென்றார்.