ஒளியால் இரத்தத்திற்குச் சிகிச்சை: பலன் தெரியும் வரை

"மூன்று மாதமாக வந்துபோகிறோம், தோலில் பெரிய மாற்றம் இல்லையே, நிறுத்திவிடலாமா?" ஃபோட்டோபெரிசிஸ் சிகிச்சை பெறுவோரின் குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இச்சிகிச்சை செயற்படும் முறையை அறிந்தால் விடையும் விளங்கும்.

நோயாளியின் இரத்தக்குழாயிலிருந்து இரத்தம் சிறிது சிறிதாக ஒரு கருவிக்குள் செல்கிறது. அங்கு வெள்ளணுக்கள் தனியே பிரிக்கப்படுகின்றன; சிவப்பணுக்களும் பிளாஸ்மாவும் உடலுக்குத் திரும்புகின்றன. பிரித்த வெள்ளணுக்களுடன் மெத்தாக்ஸலென் என்னும் மருந்து கலக்கப்பட்டு, அவற்றின்மீது புற ஊதா 'ஏ' ஒளி பாய்ச்சப்படுகிறது. பின்னர் அவையும் உடலுக்குள் செலுத்தப்படுகின்றன.

தோலில் தோன்றும் டி-செல் லிம்போமாவுக்காக இம்முறையை யேல் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் எடெல்சன் குழுவினர் உருவாக்கினர். 1987இல் வெளியான அவர்களது ஆய்வில், பிற சிகிச்சைகளுக்குக் கட்டுப்படாத 37 பேரில் 27 பேருக்குப் பலன் கிட்டியது. எலும்பு மஜ்ஜை மாற்றுக்குப் பின் கொடையாளரின் அணுக்கள் பெறுநரின் உடலைத் தாக்கும் ஜி.வி.எச்.டி. நோய்க்கும் இன்று இது பயன்படுகிறது.

ஓர் அமர்வில் ஒளி படுவது உடலிலுள்ள வெள்ளணுக்களில் ஒரு சிறு பங்கின்மீதே. அவ்வணுக்கள் அடுத்த சில நாட்களில் மடிகின்றன. மடியும் அணுக்களை உடலின் பிற தற்காப்பு அணுக்கள் உட்கொண்டு, நோய் எதிர்ப்பின் போக்கையே மெல்லத் திருத்துவதாகக் கருதப்படுகிறது. எதிர்ப்பாற்றலை முழுவதும் அடக்காமல் அதன் திசையை மாற்றுவதே இதன் சிறப்பு. காலம் பிடிப்பதற்கும் அதுவே காரணம். தோல் லிம்போமாவில் பலனை மதிப்பிட ஏறத்தாழ 6 மாதங்கள் தேவைப்படலாம். அரிப்புத் தணிவதும், சிவப்பு மங்குவதும், இறுகிய தோல் இளகுவதும் தொடக்க அடையாளங்கள். இவற்றைத் தேதியிட்டுக் குறித்து வாருங்கள். மாதம் ஒருமுறை ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். அன்றாடம் பார்க்கும் கண்ணுக்குப் புலப்படாத மாற்றம் அவற்றில் தெரியும்.

சிகிச்சைக்கு வரும் முன் போதிய நீர் அருந்த வேண்டும். எண்ணெய்ப் பலகாரங்களைத் தவிர்க்க வேண்டும்; இரத்தத்தில் கொழுப்பு மிகுந்தால் வெள்ளணுக்களைப் பிரிப்பது கடினமாகும். சிகிச்சையின்போது உதடு மரத்தாலோ, தலை சுற்றினாலோ செவிலியரிடம் உடனே கூறுங்கள்.

சிகிச்சைக்குப் பின் 24 மணி நேரம் புற ஊதா ஒளியைத் தடுக்கும் கண்ணாடியை அணிய வேண்டும். வெயில் படாதவாறு உடலை மூடிக்கொள்ள வேண்டும். 'ஏ' வகைக் கதிர்கள் சன்னல் கண்ணாடியையும் ஊடுருவும் என்பதால் பேருந்திலும் காரிலும் இது பொருந்தும். நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் கார்போகரிசியிலும் மெத்தாக்ஸலெனின் இனத்தைச் சேர்ந்த சோரலென் உள்ளது. அது தோலின் ஒளியுணர்வைக் கூட்டும். எனவே எங்களிடம் கூறாமல் அதனை உட்கொள்ளவோ பூசவோ வேண்டாம்.

ஸ்டீராய்டு மாத்திரைகளைத் தாமாகக் குறைப்பதும், இரண்டொரு அமர்வுகளைத் தவறவிடுவதும் அதுவரை பெற்ற பலனைக் குலைத்துவிடக்கூடும். பலன் உண்மையிலேயே இல்லையெனில் நாங்களே அதனைத் தெரிவித்து மாற்றுவழி கூறுவோம். நிறுத்துவதா, தொடர்வதா என்பதை நம் குறிப்புகளையும் படங்களையும் முன்வைத்து, சேர்ந்தமர்ந்து முடிவு செய்வோம்.