பிறர் பொருள் காப்போர்

சென்னை மாநகரின் வடபகுதியில் பேசின் பிரிட்ஜ் என்னும் புகைவண்டிச் சந்திப்பு உள்ளது. வடக்கே கும்மிடிப்பூண்டிக்கும் மேற்கே அரக்கோணத்திற்கும் செல்லும் இருப்புப் பாதைகள் இவ்விடத்தில் பிரிகின்றன. பக்கிங்காம் கால்வாயும் இதன் அருகே ஓடுகின்றது. முற்காலத்தில் விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் அக்கால்வாய் வழியே இங்கு வந்து சேர்ந்தன. கிழக்கே, 1856-ஆம் ஆண்டில் தென்னாட்டின் முதற் புகைவண்டி புறப்பட்ட இராயபுரமும், அதற்கப்பால் துறைமுகமும் உள்ளன. பண்டங்கள் செல்லும் இடமெல்லாம் பணமும் செல்லும். பணம் செல்லும் இடமெல்லாம் கணக்கும் உடன் செல்லுதல் வேண்டும். ஏற்றிய மூட்டை எத்தனை, இறக்கிய மூட்டை எத்தனை, கூலி எவ்வளவு, வரி எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று எழுதிவைப்பார் இல்லையேல், கப்பலும் வண்டியும் இருந்தும் வாணிகம் நிலைபெறாது.

பேசின் பிரிட்ஜிற்குத் தெற்கே உள்ள வால்டாக்ஸ் சாலையின் பெயரே நிதியைப் பற்றிய ஒரு பாடமாகும். 18-ஆம் நூற்றாண்டில் நகருக்கு மதில் எழுப்பிய கும்பினியார், அதன் செலவை மக்களிடமிருந்து வரியாகப் பெற எண்ணினர். எதிர்ப்பு எழுந்தமையால் அவ்வரி தண்டப்படவில்லை. 'மதில் வரி' என்னும் பெயர் மட்டும் சாலைக்கு நிலைத்தது. செலவிடுமுன் வருவாய்க்கு வழி காண்பதே நிதியறிவின் முதற்படி.

நிதித்துறையில் பணியாற்றுவோர் பெரும்பாலும் பிறர் பொருளைக் காப்பவர். ஆதலின் அவர்தம் பிழை அவரோடு நில்லாது. இவ்வுண்மையைச் சென்னை மக்கள் 1906-ஆம் ஆண்டில் பெருந்துயரத்தோடு உணர்ந்தனர். அந்நாளில் ஆர்பத்னாட் கம்பெனி என்னும் ஆங்கில நிறுவனம் இந்நகரில் பெரும்புகழ் பெற்றிருந்தது. ஓய்வூதியம் பெற்றோரும் கைம்பெண்டிரும் தம் சேமிப்பை அதனிடம் நம்பி வைத்திருந்தனர். அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் அந்நிறுவனம் முறிந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒரு நாளில் வறுமையுற்றன. அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்னாட் வழக்கு மன்றத்தில் தண்டனை பெற்றார். எனினும், தண்டனையால் இழந்த பொருள் மீளுமோ?

அத்துயரிலிருந்தே ஒரு நன்மையும் விளைந்தது. வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயன்று, நம்மவரே நடத்தும் வங்கி ஒன்றைத் தோற்றுவித்தனர். அதுவே 1907-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் பணி தொடங்கிய இந்தியன் வங்கி. 1969-ஆம் ஆண்டில் அது நாட்டுடைமையாயிற்று.

இத்தகைய பொறுப்பை ஏற்போர்க்குக் கல்வி இன்றியமையாதது. சென்னையில் பச்சையப்பர் அறநிலையத்தார் 1886-ஆம் ஆண்டிலேயே வணிகப் பள்ளி ஒன்றை நிறுவினர். இன்று பேசின் பிரிட்ஜ் வட்டாரத்து மாணவர்க்குப் பழைய வண்ணாரப்பேட்டையில் சர் தியாகராயர் கல்லூரியும், வியாசர்பாடியில் டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியும் அணித்தே உள்ளன. வணிகவியல் பயில்வோர் கணக்கியல், பொருளியல், வணிகச் சட்டம், புள்ளியியல், தணிக்கை ஆகியவற்றைக் கற்கின்றனர். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் பற்று, வரவு என இருபுறமும் எழுதும் இரட்டைப் பதிவு முறை அவற்றுள் அடிப்படையானது. இருபுறத் தொகையும் ஒவ்வாவிடின் எங்கோ பிழை உண்டென்று ஏடே கூறிவிடும்.

கற்றவர்க்கும் கல்லாதவர்க்கும் உள்ள வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். 10,000 ரூபாயை நூற்றுக்குப் பத்து வட்டியில் மூன்றாண்டுகளுக்கு ஒருவர் கடன் பெறுகிறார். தனிவட்டியாயின் அவர் 13,000 ரூபாய் செலுத்தினால் போதும். ஆண்டுதோறும் கூட்டும் கூட்டுவட்டியாயின் 13,310 ரூபாய் செலுத்த வேண்டும். மூன்றாண்டில் 310 ரூபாயாகத் தோன்றும் இவ்வேறுபாடு, முப்பதாண்டில் கடனாளியின் வீட்டையே விழுங்கிவிடும். அதனை முன்னரே கண்டு எளியோர்க்கு எடுத்துரைப்பவனே கணக்குக் கற்றவன்.

ஏட்டுக் கல்வி மட்டும் இதற்குப் போதாது. கல்லூரி மன்றத்தின் பொருளாளனாக இருக்கும் மாணவன், விழாவிற்குத் திரட்டிய சிறுதொகைக்கும் பற்றுச்சீட்டு வைத்து, எஞ்சிய ஐந்து ரூபாயையும் அவையில் காட்டப் பழகுகின்றான். சொற்போர் மன்றத்தில் பேசுபவன், அரிய கருத்தை எளிய சொல்லால் விளக்கவும், மறுப்பைப் பொறுமையுடன் கேட்கவும் கற்கின்றான். விளையாட்டுக் களம் தோல்வியைத் தாங்கும் உரத்தைத் தருகின்றது. 1969-ஆம் ஆண்டு முதல் நடைபெறும் நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்து குடிசைப் பகுதிகளுக்குச் செல்பவன், கந்துவட்டியால் ஒரு குடும்பம் படும் பாட்டை நேரிற் காண்கின்றான். பின்னாளில் கடன் கேட்டு வங்கிக்கு வருவோரை அவன் வெறும் எண்களாகக் கருதமாட்டான்.

விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆர். கே. சண்முகம் செட்டியார், சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்றவர். 1947-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் நாட்டின் முதல் வரவு செலவுத் திட்டத்தை அளித்தவர் அவரே. அப்பெருமகனார் தமிழிசை இயக்கத்திற்குத் துணைநின்றார். சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்திற்கு உரையும் வகுத்தார். கணக்கில் வல்லவர்க்குக் கலையும் இலக்கியமும் புறம்பானவை அல்ல என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

இன்று வங்கிப் பணிக்கும் பட்டயக் கணக்காளர் பணிக்கும் கடுந்தேர்வுகள் உண்டு. அவற்றில் வெல்ல அறிவும் உழைப்பும் வேண்டும். வென்றபின் நிலைக்க நேர்மை வேண்டும். கூட்டத் தெரிந்தவர் பலர்; கூட்டிய தொகையில் ஒரு காசும் தமதன்று என்று நினைப்பவரே மக்கள் நம்பிக்கைக்கு உரியவர். அந்நினைவு இளமையிலேயே, கல்லூரி மன்றத்தின் சிறிய கணக்கேட்டிலேயே, வேரூன்றுதல் நன்று.