பெயரும் ஒரு முதல்தான்

வியாழக்கிழமைகளில் அய்யலூர் ஆட்டுச் சந்தைக்குப் போய் வருகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. ஒரே தரத்து ஆடுகள் இரண்டு அருகருகே நிற்கும். ஒன்றுக்கு விலை உடனே படிந்துவிடும். மற்றொன்றைப் பிடித்திருப்பவர் வெயில் ஏறும் வரை நிற்பார். தக்காளிச் சந்தையிலும் இதுவே நடக்கிறது. ஒருவர் கொண்டுவரும் பெட்டியைக் கவிழ்த்து அடிவரை பார்த்துத்தான் வாங்குகிறார்கள். இன்னொருவர் பெட்டியை மேலே பார்த்ததோடு வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். வேறுபாடு சரக்கில் இல்லை. சரக்கைக் கொண்டுவந்தவர் பெயரில் இருக்கிறது.

நம் கடைகளுக்கும் இது பொருந்தும். நாம் விற்கும் சோப்பும் பிஸ்கட்டும் இன்று பெரிய அங்காடியிலும் கிடைக்கின்றன. கைபேசியில் சொன்னால் வீட்டு வாசலுக்கே வருகின்றன. அந்தப் பொட்டலங்களின் மேல் இருப்பது கம்பெனியின் பெயர். நம் பெயர் ஒட்டியிருப்பது நாம் நிறுத்துக் கொடுக்கும் பருப்பிலும் மிளகாயிலும், தராசிலும், கடன் நோட்டிலும், சொன்ன சொல்லிலும்தான். போட்டியாளர் எவ்வளவு முதல் போட்டாலும் விலைக்கு வாங்க முடியாத சரக்கு அது ஒன்றே.

இதற்கு நம் மாவட்டத்திலேயே நல்ல சான்று இருக்கிறது. 1957-இல் திண்டுக்கல்லில் நாகசாமி நாயுடு ‘ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல்’ என்ற பெயரில் கடை தொடங்கினார். பலகையில் எழுதிய பெயர் அது. தலைப்பாகையோடு இருந்த அவரைப் பார்த்துச் சாப்பிட வந்தவர்கள் வைத்த பெயர் ‘தலப்பாக்கட்டி’. இன்று பல ஊர்களிலும் வெளிநாடுகளிலும் பலகை ஏறியிருப்பது அந்த இரண்டாவது பெயர்தான்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்நாளில் தலைப்பாகை கட்டியவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். எல்லோர் பெயரும் நிலைக்கவில்லை. தலைப்பாகை அவரை அடையாளம் காட்டியது. சீரகச் சம்பாச் சோற்றின் ருசி சாப்பிட்டவரை மறுபடி வரவைத்தது. அடையாளம் மட்டும் இருந்து சரக்கு மாறிக்கொண்டே இருந்தால், தவிர்க்க வேண்டிய கடை எது என்று கண்டுகொள்ளத்தான் அந்த அடையாளம் உதவும்.

பெயர் வளர்ந்ததும் அதை ஒத்த பெயர்களில் வேறு கடைகளும் தோன்றின. வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. ஆகவே பெயரைச் சம்பாதிப்பது ஒரு வேலை என்றால், காப்பது மற்றொரு வேலை. இரண்டுக்கும் நாம் செய்யத்தக்கவை சில:

1. ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் சிறந்தவர் என்று பெயர் எடுப்பது கடினம். ‘மல்லி, மிளகாய் என்றால் அவர் கடை’, ‘எடை என்றால் அவர் எடை’ என்று ஒன்றில் பெயர் எடுக்கலாம். வரத்துக் குறைந்து விலை ஏறும் நாளிலும் அந்த ஒன்றில் தரம் இறங்கக் கூடாது. நல்ல சரக்கு இல்லாத அன்று ‘இன்று இல்லை’ என்று சொல்லி அனுப்பும் கடையைத்தான் வாடிக்கையாளர் நம்புகிறார்.

2. தவறு நேர்ந்தால் தாமதம் வேண்டாம். வண்டு விழுந்த பருப்பைத் திருப்பிக் கொண்டுவருகிறவரிடம் வாதாடி மிச்சப்படுத்தும் நூறு ரூபாய், அவர் தெருவில் பத்து வீட்டை இழக்கச் செய்யும்.

3. கொள்முதல் செய்யும் இடத்திலும் பெயர் வேண்டும். சொன்ன தேதியில் பணம் கட்டுகிறவருக்கே தட்டுப்பாட்டு நாளில் மொத்த வியாபாரி மூட்டையை ஒதுக்கி வைக்கிறார்.

4. பெயரைப் பதிவு செய்யுங்கள். 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டம் 2003 முதல் நடைமுறையில் உள்ளது. பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். சரக்குக்கு ஏற்ப வகுப்புகள் உண்டு: மசாலாத் தூளுக்கு 30, சமையல் எண்ணெய்க்கு 29. ‘நயம்’, ‘முதல் தரம்’ போன்ற பொதுச் சொற்களையும் வெறும் ஊர்ப் பெயரையும் தனி ஒருவர் தமக்கென்று பதிவு செய்துகொள்வது எளிதல்ல.

5. பழைய தாள்களை எறியாதீர்கள். பதிவு செய்யாத பெயருக்கும் சட்டத்தில் ஓரளவு பாதுகாப்பு உண்டு. ஆனால் எந்த ஆண்டு முதல் அந்தப் பெயரில் வியாபாரம் செய்கிறோம் என்பதை நாம்தான் நிரூபிக்க வேண்டும். முதல் பில் புத்தகம், பழைய பலகையின் போட்டோ, உரிமச் சீட்டு ஆகியவை அன்று பேசும்.

6. வாரிசுகளுக்குள் எழுதி வையுங்கள். பாகப்பிரிவினையில் கட்டடத்தையும் சரக்கையும் பிரிக்கிறோம், பெயரை மறந்துவிடுகிறோம். பிறகு ஒரே தெருவில் ஒரே பெயரில் இரண்டு கடைகள் நிற்கின்றன. ஒருவர் செய்யும் தவறு இருவரையும் அடிக்கிறது. அண்ணன் தம்பி பேச்சும் நின்றுபோகிறது. பெயர் யாருக்கு என்பதைப் பெரியவர் இருக்கும்போதே பத்திரத்தில் எழுதிவிடுவது நல்லது.

ஊர்ப் பெயரும் இப்படிப்பட்டதே. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது ஒரு கடைக்கு உரியதல்ல, அந்தத் தொழில் செய்வோர் அனைவருக்கும் உரியது. அய்யலூர்த் தக்காளி என்று வெளியூரில் கேட்டு வாங்குகிறார்கள் என்றால், பெட்டியின் அடியில் ஒருவர் வைக்கும் அழுகல், வைத்தவரோடு நிற்காது. சந்தைக்கே வந்து சேரும்.

இந்த வாரம் நாம் எல்லோரும் ஒரு காரியம் செய்து பார்க்கலாம். நம்மை அறியாத ஒருவரைத் தெருமுனையில் நிறுத்தி, நம் கடையைப் பற்றி அங்குள்ளவர்களிடம் விசாரிக்கச் சொல்வோம். பலகையில் உள்ளதைச் சொல்கிறார்களா, வேறு ஏதேனும் சொல்கிறார்களா என்று கேட்டறிவோம். அவர்கள் சொல்வதுதான் நம் உண்மையான பெயர். நல்லதாக இருந்தால் காத்துக்கொள்வோம். இல்லையென்றால் நாளைக் காலை கடை திறக்கும்போதே, தராசிலிருந்து தொடங்கித் திருத்துவோம்.