தலையாட்டினால் புரிந்துவிட்டதாக அர்த்தமில்லை

அன்புக் கண்ணுக்கு,

பனியன் கம்பெனியில் புது ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு உனக்கு வந்திருப்பதாக உங்கப்பா சொன்னான். திருப்பூரில் அதே வேலையை நெடுநாள் பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் அந்த அறிமுகச் சுற்று. ஒவ்வொருவராக எழுப்பி, பேர் என்ன, எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார் என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. நம் பக்கம் கேள்வி ஊர்ப் பேரோடு நிற்காது. "ஊருக்குள்ள எந்தப் பக்கம்?" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து அடுத்தது வரும். பதில் சொன்னாலும் சாதி தெரிந்துவிடும், மழுப்பினாலும் தெரிந்துவிடும். கேட்டவர் சும்மா கலகலப்புக்குக் கேட்டேன் என்பார். பேர், ஓவர்லாக்கா, சிங்கரா, செக்கிங்கா, எதில் பழக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்.

அடுத்தது மொழி. வடக்கேயிருந்து வந்தவர்கள் என்றால் இந்தி தெரிந்த ஒருவரை நிறுத்திவிட்டுக் கடமை தீர்ந்தது என்பார்கள். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவின் மயூர்பஞ்சிலிருந்தும் வருகிறவர்களில் சந்தாலி பேசுகிறவர்கள் உண்டு. இந்தியோடு உறவே இல்லாத முண்டா மொழி அது. ரகுநாத் முர்மு 1925இல் அதற்கு ஒல் சிக்கி என்று தனி எழுத்தே உருவாக்கினார். ஒடிசாவில் படித்த பிள்ளைக்கு ஒடியா எழுத்துதான் பழகியிருக்கும்; நீ ஒட்டுகிற இந்தி நோட்டீஸ் அவளுக்கு வெறும் சுவர். யாருக்கு எது வாசிக்க வரும் என்று முதல் நாளே தனித்தனியாக விசாரித்துக்கொள்.

"புரிஞ்சுதா?" என்று கேட்காதே. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் எல்லாரும் தலையாட்டுவார்கள். ஊசி உடைந்தால் துண்டுகளைப் பொறுக்கிக் கொடுத்துப் புது ஊசி வாங்குவதையும், தீப்பிடித்தால் எந்த வாசல் என்பதையும் செய்து காட்டச் சொல். காது கேளாதவர் இருந்தால் அவர் முகம் பார்த்துப் பேசு. சைரனோடு விளக்கும் எரிகிறதா என்று பார்.

வேலையிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டம் பற்றிய வகுப்பில் மட்டும் ரொம்பக் கவனம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருந்தாக வேண்டும். இதை எல்லாருமே சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் லைன் சூப்பர்வைசர் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார். யார் மேல் புகார் வரக்கூடுமோ அவர் முன்னால் எந்தப் பெண் வாய் திறப்பாள்? அவருக்கு வேறொரு நாள் வகுப்பு எடு.

பாரம்பரிய உடை நாள் என்று ஒடியாப் பெண்களை மேடையேற்றிப் படம் பிடிப்பதை மரியாதை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தீபாவளிக்கு ஆறாம் நாள் வரும் சத் பூஜைக்கு, தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதமிருக்கிற பிகார்ப் பெண்ணுக்கு அன்று தேர்வு வைக்காமலிருந்தால் அதுதான் மரியாதை.

இதற்கெல்லாம் நேரம் கேட்டால், புரொடக்‌ஷன் போகிறது என்பார் மேனேஜர். விடாதே. கூடுதலாக அரை மணி நேரமாவது வாங்கிக்கொண்டு வகுப்பைத் தொடங்கு.

உன் பெரியப்பா