ஊரில் முதல், இங்கே வேலை

வேலை அனுமதியில் சிங்கப்பூர் வந்திருக்கும் நம்மவர் பலருக்கு ஊரில் ஒரு கடையில் பங்கு இருக்கும். காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ தம்பியோ மச்சானோ கல்லாவில் அமர்ந்திருப்பார். முதல் இங்கிருந்து போனதாக இருக்கும். இது கூடுமா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

ஒருவர் முதல் போட, மற்றவர் உழைக்க, லாபத்தை இருவரும் பகிர்ந்துகொள்வதே முளாரபா. அன்னை கதீஜா (ரலி) அவர்கள் மக்காவில் இருந்துகொண்டே தம் சரக்கை ஷாம் தேசத்துக்கு அனுப்பி வியாபாரம் செய்தது இவ்வகையில்தான். அந்தப் பிரயாணத்தில் சரக்கை நடத்திச் சென்றவர்கள் நமது நாயகம் (ஸல்) அவர்கள். ஆகவே, முதல் ஓரிடத்திலும் முதலாளி வேறிடத்திலும் இருப்பதில் குற்றமில்லை.

ஆனால் நிபந்தனைகள் உண்டு. லாபம் பாதிக்குப் பாதி, மூன்றில் ஒன்று என விகிதமாகப் பேசப்பட வேண்டும். “என் ஐந்து லட்சத்துக்கு மாதம் 10,000 ரூபாய் அனுப்பிவிடு” என்று முடிவு கட்டினால் அது வியாபாரப் பங்கல்ல, வட்டி. இந்தப் பிழை நம்மவரிடையே சர்வ சாதாரணமாக நடக்கிறது. உறவுமுறை என்பதால் யாரும் வாய் திறப்பதில்லை. நஷ்டம் வந்தால் அது முதல் போட்டவரைச் சேரும்; உழைத்தவருக்கு உழைப்பு வீண். அவர் கவனக்குறைவாலோ மோசடியாலோ வந்த நஷ்டம் மட்டும் அவர் பொறுப்பு. இருவருமே முதல் போட்டிருந்தால் அது வேறு வகைக் கூட்டு. அதில் ஷாபி மத்ஹபின்படி லாபமும் நஷ்டமும் முதலின் அளவையே தொடரும். ஹனபி மத்ஹபில் லாபத்தை வேறு விகிதமாகப் பேசிக்கொள்ள இடமுண்டு.

இன்னொன்று. முளாரபாவில் முதலாளியும் கூடவே வேலை செய்வார் என்று நிபந்தனை வைத்தால் இவ்விரு மத்ஹபிலும் ஒப்பந்தம் செல்லாது. இந்நாட்டுச் சட்டமும் ஏறக்குறைய இந்த இடத்தில்தான் நம்மைத் தடுக்கிறது.

சிங்கப்பூரில் 1965ல் வேலை அனுமதிச் சட்டம் வருமுன், கூலிக்கு வந்தவர் நாலு வருஷத்தில் தனிக்கடை போடுவது வழக்கம். இன்று அனுமதி ஒருவரின் உழைப்பை ஒரே முதலாளியோடு கட்டுகிறது. ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர் வேறு வியாபாரத்தில் ஈடுபடவோ சொந்தத் தொழில் தொடங்கவோ கூடாது என்பது நிபந்தனை. எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருப்பவர் வேறு கம்பெனியில் டைரக்டராகப் பெயர் கொடுக்குமுன் மனிதவள அமைச்சின் ஒப்புதல் கடிதம் பெற வேண்டும். ஆபத்து பெரும்பாலும் சிறு உதவியாக நுழைகிறது. “சிராங்கூன் சாலையில் இந்தச் சரக்கை வாங்கி அனுப்புங்கள் காக்கா, அந்தப் பாக்கியை வசூல் பண்ணுங்கள்” என்று ஊரிலிருந்து போன் வரும். அதைச் செய்யத் தொடங்கினால் நீங்கள் முதல் போட்டவர் மட்டுமல்ல, வியாபாரம் நடத்துபவர். பாஸ் ரத்தானால் ஊர்க் கடைக்கு முதல் அனுப்பும் சம்பளமும் போய்விடும். பழைய பங்கைப் பற்றிச் சந்தேகமிருந்தால் அமைச்சிடம் எழுத்தில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

இந்தியப் பக்கத்தில் 1999ஆம் வருஷத்து அந்நியச் செலாவணிச் சட்டம் இருக்கிறது. வேலைக்காக வெளிநாடு வந்தவர் ஊரிலுள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். முதலைத் திரும்ப வெளியே கொண்டுவருவதில்லை என்ற அடிப்படையில் கூட்டு வியாபாரத்தில் பணம் போடலாம். விவசாயம், தோட்டம், நிலம் வாங்கி விற்கும் தொழில் ஆகியவற்றில் கூடாது. பணம் வங்கி வழியே போக வேண்டும். உண்டியலில் போன முதலுக்குப் பிற்பாடு கணக்குக் காட்ட வழியில்லை.

கடனை எழுதிவைப்பது பற்றிய அல்பகரா 282ஆம் வசனமே குர்ஆனில் மிக நீண்ட வசனம். அப்படியிருந்தும் அண்ணன் தம்பிக்குள் பத்திரம் எதற்கு என்கிறோம். முதல் எவ்வளவு, விகிதம் என்ன, ஒருவர் மௌத்தானால் பங்கு யாருக்கு என்று எழுதி இரு சாட்சிகளின் கையெழுத்து வாங்குங்கள். கூடவே, ஜகாத்து நாளில் சரக்கை அன்றைய விலைக்கு மதித்த இருப்புப் பட்டியல் கடையிலிருந்து வருஷந்தோறும் வரவேண்டும் என்பதையும் அதில் சேருங்கள். அது இல்லாமல் உங்கள் இரண்டரை சதவீதத்தைக் கணக்கிட முடியாது.