ரூட்டர் மேசை

மரவேலை செய்வோர்க்கு உளியும் இழைப்புளியும் நெடுங்காலத் துணைகள். பலகையில் காடி எடுத்தலும் விளிம்பினை அணிசெய்தலும் முன்னாளில் இவற்றாலேயே நிகழ்ந்தன. இன்று அப்பணிகளை விரைந்து முடிப்பது மின்விசையால் இயங்கும் ரூட்டர் என்னும் பொறியாகும். அதன் அலகு நிமிடத்திற்கு 10,000 முறைக்கு மேலும் சுழல வல்லது.

இப்பொறியைக் கையில் பிடித்து மரத்தின்மேல் செலுத்துவது ஒரு முறை. சிறிய மரத்துண்டுகளுக்கு அம்முறை ஏலாது. பொறி ஊன்ற இடமின்றிச் சாயும். ஆகவே, அதனைத் தலைகீழாக மேசையின் அடியில் பொருத்தி, அலகு மட்டும் மேலே தோன்றச் செய்வர். அப்போது பொறி நிலைத்து நிற்கும், மரமே நகரும். இதுவே ரூட்டர் மேசை.

இதனை வீட்டிலேயே செய்து கொள்ளலாம். 18 மில்லிமீட்டர் கனமுள்ள பிளைவுட் மேற்பலகைக்கு ஏற்றது. அது குழிந்திருப்பின் காடியின் ஆழம் இடத்திற்கு இடம் மாறுபடும். ஆதலின் நேர்சட்டம் வைத்து அதன் சமத்தை முதற்கண் அறிதல் வேண்டும். பொறியின் அடித்தகட்டைக் கழற்றி, அதனையே மாதிரியாக வைத்துத் துளைகளைக் குறித்தால் அளவு பிழையாது. பொறி அமரும் இடத்தை அடிப்புறத்தில் சற்றுக் குடைந்தால் அலகு போதிய அளவு மேலெழும். திருகுகளின் தலைகள் பலகைக்குள் அமிழ்ந்திருத்தல் வேண்டும். இல்லையேல் மரம் அவற்றில் தட்டி நிற்கும்.

மரம் அணைந்து செல்வதற்கு நேரான சட்டம் ஒன்று தேவை. அதன் நடுவே அலகு புகுமளவு வெட்டுதல் வேண்டும். ஒரு முனையைப் போல்ட்டால் பொருத்தி, மறுமுனையைக் கிளாம்பால் இறுக்கினால் போதும். அலகு வட்டமாகச் சுழல்வதால், சட்டம் மேசையின் விளிம்புக்கு இணையாக நிற்க வேண்டுவதில்லை. அலகிற்கும் அதற்கும் உள்ள தொலைவே கருதத்தக்கது.

இனி, உயிர்நிலையான செய்தி ஒன்று உண்டு. கையில் பிடித்த பொறியின் அலகு, மேலிருந்து நோக்குவார்க்கு வலஞ்சுழியாகச் சுழலும். தலைகீழானபின் அதுவே இடஞ்சுழியாகத் தோன்றும். ஆதலின், சட்டத்தை எதிர்நோக்கி நிற்பவர், மரத்தை வலமிருந்து இடமாகவே செலுத்துதல் வேண்டும். அப்போது அலகின் சுழற்சி மரத்தின் போக்கை எதிர்த்து நிற்கும்; மரம் கைக்கு அடங்கும். மாறிச் செலுத்தினால் அலகு மரத்தைப் பற்றி இழுத்து எறியும்; தள்ளிய விரல்களும் அலகின்மேல் படும். சட்டத்திற்கும் அலகிற்கும் இடையே மரத்தை நுழைத்தலும் இத்தகைய கேட்டையே விளைக்கும்.

அலகினை மாற்றுமுன் மின்னிணைப்பை நீக்குக. கண்ணாடி அணிந்து கண்களைக் காத்துக்கொள்க. சிறு துண்டுகளைத் தள்ளுகோலால் தள்ளுக. ஆழமான காடியை ஒரே முறையில் எடுக்க முயலாது, சிறிது சிறிதாகப் பன்முறை எடுக்க. மாணவர் இப்பொறியைப் பெரியோர் துணையின்றி இயக்குதல் ஆகாது.

பொறி விரைந்து சுழலலாம். அதனை இயக்குவோர் விரைதல் தகாது. விசையின் போக்கை அறிந்து நிதானமாகத் தொழில் புரிவோர்க்கே கருவி ஏவல் செய்யும்.