மீண்டெழும் கைகள்

நுழையும்முன்

களத்தில் வெல்வோரை உலகம் கொண்டாடுகிறது. காயமுற்றுக் களத்தை விட்டு நீங்கி, நெடுநாள் காத்திருந்து, மீண்டும் வந்து நிற்போரின் உழைப்போ பலர் கண்ணில் படுவதில்லை. அமெரிக்காவின் அடிபந்தாட்ட வரலாற்றில் ஒரு வீரரின் முழங்கையும் ஒரு மருத்துவரின் துணிவும் சேர்ந்து, காயத்துக்குப் பிந்திய வாழ்வைப் பற்றிய எண்ணத்தையே மாற்றின. அம்மாற்றத்தையும் அதனுள் மறைந்திருக்கும் எச்சரிக்கையையும் இப்பாடம் விளக்குகிறது.

ஒரு விரலும் ஒரு கையும்

பேஸ்பால் எனப்படும் அடிபந்தாட்டத்தில் டிசி டீன் புகழ்பெற்ற எறிவாளர். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்காக ஆடிய அவர், 1934ஆம் ஆண்டில் மட்டும் 30 வெற்றிகளைப் பெற்றார். 1937இல் வாசிங்டனில் நடைபெற்ற நட்சத்திர வீரர்கள் ஆட்டத்தில், மட்டையாளர் அடித்த பந்து நேராக வந்து அவருடைய கால்விரலைத் தாக்கியது. விரல் எலும்பு முறிந்தது. அது முழுவதும் ஆறுமுன்னரே டீன் களத்துக்குத் திரும்பினார். நொந்த காலை ஊன்றத் தயங்கியதால் அவருடைய எறியும் முறை மாறியது. சுமை முழுவதும் கையின்மீது இறங்கியது. கால்விரலில் தொடங்கிய காயம் கையில் சென்று முடிந்தது. 1937ஆம் ஆண்டின் இறுதிவரை 134 வெற்றிகளைப் பெற்றிருந்த அவர், அதன்பின் பெற்றவை 16 மட்டுமே.

சிறு காயத்தைப் பெருங்காயமாக்கியது அவசரம். உடலின் உறுப்புகள் தனித்தனியே இயங்குவன அல்ல. ஒன்றின் குறையை மற்றொன்று சுமக்கும் என்பதை டீனின் வாழ்வு காட்டுகிறது.

முழங்கையின் சிறு நார்

கிரிக்கெட்டில் பந்து வீசுவோர், வீசும் வேளையில் மடங்கிய முழங்கையை விதி வகுத்த அளவுக்குமேல் நீட்டுதல் கூடாது. அடிபந்தாட்டத்திலோ முழங்கையை மடக்கி விரைவாக நீட்டி எறிவதே முறை. எறிவாளர் நிற்கும் மேட்டுக்கும் மட்டையாளர் நிற்கும் இடத்துக்கும் இடையிலுள்ள தொலைவு ஏறத்தாழ 18.4 மீட்டர். அத்தொலைவை மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் பந்து கடக்க வேண்டுமாயின், தோளும் முழங்கையும் பெரும் விசையைத் தாங்க வேண்டும்.

மேற்கை எலும்பையும் முன்கை எலும்பையும் முழங்கையின் உட்புறத்தில் ஒரு தசைநார் பிணைத்து நிற்கிறது. கை பின்னோக்கி வளைந்து முன்னோக்கிப் பாயும் நொடியில் மூட்டு பிரிந்துவிடாமல் காப்பது இந்நாரே. ஓர் ஆட்டத்தில் நூறு முறை, ஓர் ஆண்டில் ஆயிரக்கணக்கான முறை இழுபடுவதால் அதில் நுண்ணிய கிழிசல்கள் தோன்றுகின்றன. போதிய ஓய்வு கிடைத்தால் அவை ஆறும். கிடைக்காவிடில் ஒருநாள் நார் அறுந்துபோகும். அவ்வாறு அறுந்தாலும் அன்றாட வேலைகளைச் செய்ய இயலும். விரைந்து எறிய மட்டும் இயலாது. 1974ஆம் ஆண்டுவரை, நார் அறுந்த எறிவாளருக்கு ஓய்வு பெறுவதைத் தவிர வேறு வழி இருந்ததில்லை.

நூற்றில் ஒரு வாய்ப்பு

லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணியின் இடக்கை எறிவாளர் டாமி ஜான். 1974ஆம் ஆண்டு சூலை 17ஆம் நாள் ஆடுகளத்தில் இறங்கியபோது அவர் அப்பருவத்தில் 13 வெற்றிகளையும் 3 தோல்விகளையும் பெற்றிருந்தார். மாண்ட்ரியல் அணிக்கு எதிரான அவ்வாட்டத்தின் நடுவே அவருடைய இடது முழங்கையின் நார் அறுந்தது. அவர் தாமாகவே களத்தைவிட்டு வெளியேறினார்.

அணியின் மருத்துவர் பிராங்க் ஜோப். இளம்பிள்ளைவாதத்தால் செயலிழந்த கைகளில் தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தும் முறை மருத்துவ உலகில் முன்பே இருந்தது. அதே கருத்தை எறிவாளரின் முழங்கைக்குப் பயன்படுத்தலாம் என ஜோப் எண்ணினார். அதுவரை எவரும் செய்யாத முயற்சி அது. மீண்டும் ஆடும் வாய்ப்பு நூற்றில் ஒன்றே எனத் தம் மதிப்பீட்டை அவர் மறைக்காமல் கூறினார். அறுவை செய்யாவிடில் அவ்வொன்றும் இல்லை என்பதை உணர்ந்த டாமி ஜான் இசைந்தார்.

1974 செப்டம்பர் 25இல் அறுவை நடைபெற்றது. வலது முன்கையிலிருந்து ஒரு தசைநாண் எடுக்கப்பட்டது. இடது முழங்கையின் எலும்புகளில் சிறு துளைகள் இடப்பட்டு, அத்தசைநாண் அவற்றின் வழியே கோக்கப்பட்டது. ஆயினும் துன்பம் அத்துடன் தீரவில்லை. முழங்கையை ஒட்டிச் செல்லும் நரம்பு பாதிக்கப்பட்டதால் இடக்கையின் விரல்கள் மடங்கி மரத்துப்போயின. அதே ஆண்டின் இறுதியில் மற்றோர் அறுவை தேவைப்பட்டது. 1975ஆம் ஆண்டு முழுவதும் அவர் ஓர் ஆட்டத்திலும் ஆடவில்லை. விரல்கள் மெல்ல மெல்ல உணர்வு பெற்றன. நாள்தோறும் சிறிது தொலைவு, பின்னர் சற்றுக் கூடுதல் தொலைவு என எறிந்து பழகினார்.

1976இல் களத்துக்குத் திரும்பிய அவர் 10 வெற்றிகளையும் 10 தோல்விகளையும் பெற்றார். எண்ணிக்கையில் அது நடுத்தரமே. ஆனால், மருத்துவ உலகில் அது புதுமை. அடுத்த ஆண்டு 20 வெற்றிகளைப் பெற்றார். 1989இல் தம் 46ஆம் வயதில் ஓய்வுபெற்றபோது அவருடைய மொத்த வெற்றிகள் 288. அவற்றுள் அறுவைக்கு முன் பெற்றவை 124. பின் பெற்றவை 164. அந்த அறுவை இன்று அவர் பெயராலேயே 'டாமி ஜான் அறுவை' என வழங்கப்படுகிறது.

திரும்பியோரும் திரும்பாதோரும்

மீண்டு வருதல் எல்லார்க்கும் ஒரே வகையில் அமைவதில்லை. 2000ஆம் ஆண்டில் இவ்வறுவையைச் செய்துகொண்ட அட்லாண்டா பிரேவ்ஸ் அணியின் ஜான் ஸ்மோல்ட்ஸ், ஆட்டத்தைத் தொடங்கும் எறிவாளராக இருந்தவர். திரும்பியபின், ஆட்டத்தின் இறுதிப் பகுதியில் மட்டும் வந்து வெற்றியைக் காக்கும் பணியை ஏற்றார். 2002இல் 55 ஆட்டங்களில் அப்பணியை நிறைவேற்றினார். 2005இல் மீண்டும் தொடக்க எறிவாளரானார். கையின் நிலைக்கேற்பப் பணியை மாற்றிக்கொண்ட அறிவே அவருடைய வெற்றிக்குத் துணைநின்றது.

சப்பானிய வீரர் சோகே ஒத்தானி 2018இல் முழங்கை அறுவை செய்துகொண்டார். 2021இல் எறிவாளராகவும் மட்டையாளராகவும் சிறந்து, தம் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். 2023இல் அதே முழங்கையில் மீண்டும் அறுவை தேவைப்பட்டது. 2024இல் எறியாமல் மட்டை மட்டுமே பிடித்து 54 ஓட்டமுழுமைகளை அடித்த அவர், 2025 சூனில்தான் மறுபடியும் எறியத் தொடங்கினார்.

இவர்களுக்கிடையே மறக்கலாகாத மற்றொரு பெயர் பிரென்ட் ஸ்ட்ரோம். டாமி ஜானுக்குப் பின் இரண்டாவதாக இவ்வறுவையைச் செய்துகொண்டவர் இவர். மேஜர் லீக் களத்தில் எறியும் வாய்ப்பு இவருக்கு மீண்டும் கிடைக்கவில்லை. எனினும், பயிற்றுநராகி, பிற்காலத்தில் ஹூஸ்டன் அணியின் எறிவாளர்களை உருவாக்கிப் பெரும்புகழ் பெற்றார். கை திரும்பாவிடினும் மனிதர் திரும்பினார் எனலாம்.

வெற்றி விதைத்த மயக்கம்

இன்று இவ்வறுவைக்கு உட்படும் மேஜர் லீக் எறிவாளர்களில் ஏறத்தாழ ஐவரில் நால்வர் மீண்டும் அந்நிலையில் ஆடுகின்றனர். நூற்றில் ஒன்றாக இருந்த வாய்ப்பு இவ்வளவு உயர்ந்தது மருத்துவத்தின் பெருஞ்சாதனை. ஆனால், அச்சாதனையே ஒரு மயக்கத்தையும் தோற்றுவித்தது. அறுவை செய்துகொண்டால் கை முன்னினும் வலுப்பெறும், பந்தின் வேகம் கூடும் எனப் பெற்றோரும் பயிற்றுநரும் இளைஞரும் நம்பத் தொடங்கினர்.

இந்நம்பிக்கை பிழையானது. பொருத்தப்பட்ட தசைநாண், எறியும் ஆற்றலைக் கூட்டுவதில்லை. இழந்த பிணைப்பை ஈடுசெய்ய மட்டுமே முயல்கிறது. அதற்குள் குருதி ஓட்டம் பரவி, அது தசைநாராகவே முதிர்வதற்குப் பல திங்கள் தேவை. ஆகவேதான் களம் திரும்ப ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுவரை ஆகிறது. திரும்பியோரில் சிலர் முன்னினும் வலிமையாக எறிவது, அக்காலம் முழுவதும் கால், இடுப்பு, தோள் ஆகியவற்றுக்கு முறையான பயிற்சி அளித்ததன் பயன். அப்பயிற்சிக்குக் கத்தி தேவையில்லை. மேலும், மீண்டவர்களின் பெயர்களையே நாம் கேள்வியுறுகிறோம். மீளாத ஒருவரின் பெயர் செய்தியாவதில்லை.

2015இல் புகழ்மண்டபத்தில் இடம்பெற்ற ஸ்மோல்ட்ஸ், இவ்வறுவை செய்துகொண்டு அப்பெருமையை அடைந்த முதல் எறிவாளர். அவ்விழா மேடையில் அவர் தம் சாதனையைப் பேசியதோடு நில்லாமல், பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு இவ்வறுவை இயல்பானதன்று என்றும், ஆண்டு முழுவதும் எறியச் செய்தல் தகாதென்றும் பெற்றோர்க்கு எடுத்துரைத்தார். அறுவையால் பயன்பெற்ற ஒருவரே அதனை நாடாதீர் என எச்சரித்தது எண்ணத்தக்கது.

மீள்தல் என்பது

காயத்துக்குப் பின் களம் திரும்புவோரின் வாழ்வை ஒப்புநோக்கினால் ஓர் உண்மை புலனாகும். பழைய நிலையை அப்படியே அடைந்தவர் அரியர். டாமி ஜான் வேகத்தை நம்பியவர் அல்லர். பந்தைத் தாழ்வாகவும் துல்லியமாகவும் செலுத்தும் திறனை நம்பியவர். அத்திறன் அவரைக் காத்தது. ஸ்மோல்ட்ஸ் பணியை மாற்றினார், ஒத்தானி காத்திருந்தார், ஸ்ட்ரோம் களத்தின் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று கற்பித்தார். டீன் காத்திருக்கவில்லை. துணிவு நால்வர்க்கும் இருந்தது போலவே டீனுக்கும் இருந்தது. குறைந்தது பொறுமை ஒன்றே.

வலியைப் பொறுத்துக்கொண்டு ஆடுவது வீரம் எனப் போற்றப்படுகிறது. வலிக்கிறது என உரிய வேளையில் சொல்வதும் வீரமே. 1974இல் டாமி ஜான் தாமாகக் களத்தைவிட்டு வெளியேறிய அந்தச் சில அடிகளும், அவர் பின்னர்ப் பெற்ற 164 வெற்றிகளின் பகுதியே ஆகும்.

தெரிந்து தெளிவோம்

மேஜர் லீக் அமைப்பும் அமெரிக்க அடிபந்தாட்ட அமைப்பும் இணைந்து, இளம் எறிவாளர்களுக்கான நெறிமுறைகளை 2014இல் வெளியிட்டன. ஒரு நாளில் எறியத்தக்க பந்துகளின் உச்ச எண்ணிக்கை: 9, 10 வயதினருக்கு 75, 11, 12 வயதினருக்கு 85, 13 முதல் 16 வயதுவரை 95, 17, 18 வயதினருக்கு 105. எண்ணிக்கைக்கு ஏற்ப ஓய்வு நாள்களும் வரையறுக்கப்பட்டுள்ளன.

கற்பவை கற்றபின்…

1. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து, மணிக்கட்டைச் சற்று மடக்குக. மணிக்கட்டின் நடுவே புடைத்துத் தோன்றும் நாணே டாமி ஜானின் முன்கையிலிருந்து எடுக்கப்பட்டது. சிலர்க்கு இது பிறவியிலேயே இராது. அதனால் கையின் பயன்பாடு குறைவதில்லை. வகுப்பில் எத்தனை பேருக்கு இந்நாண் உள்ளது எனக் கணக்கிட்டு எழுதுக.

2. உங்கள் பள்ளி விளையாட்டு வீரர் ஒருவர் காயமுற்று மீண்ட பட்டறிவைக் கேட்டறிந்து, ஒரு பக்க அளவில் கட்டுரையாக்குக.

குறுவினா

1. டிசி டீனின் கால்விரல் காயம் அவருடைய கையைப் பாதித்தது எவ்வாறு?
2. முழங்கைத் தசைநாரின் பணி யாது?

நெடுவினா

'வலியை உரிய வேளையில் சொல்வதும் வீரமே' – பாடப்பகுதியைக் கொண்டு நிறுவுக.